மாமாவின் ஜீப்பில் இருபத்தேழு சிவப்பு அட்டைகள்

என் கையெழுத்துக்கு வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் உடனடி மரியாதை கிடைத்திருக்கிறது. அதனால் ஒரு ராணுவ ஜீப் இல்லாமலே போனது.

இரண்டாயிரத்து மூன்று. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் நான் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். கார் கதவைச் சுற்றி ஒட்டும் ரப்பரில் பிசிறு இருக்கிறதா என்று பார்ப்பேன். (அது மட்டும்தான். முழுக் காரை நான் பார்த்தது ரோட்டில்தான்.) அதே லைனில் வேலை பார்த்த கௌரியைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டு, சேரப்பணஞ்சேரியில் அவள் அப்பா முன்னால் போய் நின்றேன். கோவில்பட்டிக்காரனுக்குப் பெண் கொடுப்பதா என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தார்.

"கார் பார்ட்ஸ் கம்பெனிலதானே கீற? நம்ம ஜீப்ப வந்து பாரு. தேறுமா தேறாதான்னு சொல்லு. கல்யாணத்த அப்பால பேசலாம்."

அது அவர் இளவயதில் ராணுவ ஏலத்தில் எடுத்தது. பதினெட்டு வருடமாக ஏரிக்கரை முள்ளுக்காட்டுக்குள் கிடந்தது. எனக்கு ரப்பர் மட்டும்தான் தெரியும் என்று சொல்ல அதுதான் சரியான நேரம். நான் "பாத்துருவோம் மாமா" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை டிராக்டரில் கயிறு கட்டி இழுத்தோம். முதல் இழுப்பில் பம்பர் மட்டும் வந்தது. இரண்டாவதில் ஜீப் வந்தது. பின்சக்கரம் ஒன்று வரவில்லை. டிரைவர் இடத்திலிருந்து ஒரு கீரி இறங்கி, எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனது.

நான் பையிலிருந்து வெர்னியரை எடுத்துத் துருவின் கனத்தை அளந்தேன். (அளந்து என்ன செய்வதென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.) தட்டினேன், முகர்ந்தேன், "ம்ம்" என்றேன். மாமா பயபக்தியோடு பின்னாலேயே வந்தார்.

கம்பெனி வழக்கப்படி, சரிசெய்ய வேண்டியவற்றில் மஞ்சள் அட்டை கட்ட வேண்டும். என்னிடம் சிவப்புதான் இருந்தது. கலரில் என்ன இருக்கிறது? ரேடியேட்டர் முதல் ஸ்டீயரிங் வரை இருபத்தேழு சிவப்பு அட்டை கட்டி, 'ரிப்பேர் செய்யவும்' என்று பொடி எழுத்தில் எழுதி, பெரிதாகக் கையெழுத்துப் போட்டேன்.

"தேறிரும் மாமா."

அவர் கண் கலங்கிவிட்டது. "மாப்ள அழைப்புக்கு இதுலதாம்பா நீ வர்ற" என்றார். சந்தோஷத்தில் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

மறுநாள் ஜீப்பைப் படப்பை ஒர்க்ஷாப்புக்கு அனுப்பும் பொறுப்பு கௌரியின் அண்ணனுக்கு. அவர் தொழிற்சாலைகளில் ஸ்கிராப் எடுக்கும் கான்ட்ராக்டரிடம் வேலை பார்த்தார். தனக்கு ஷிஃப்ட் இருந்ததால், ஜீப்பை ஏற்றச் சொல்லி மட்டும் லாரியோடு இரண்டு ஆட்களை அனுப்பிவைத்தார். மாமா குன்றத்தூரில் ஒரு சாவுக்குப் போயிருந்தார். வந்தவர்கள் சிவப்பு அட்டையையும் இன்ஸ்பெக்டர் கையெழுத்தையும் பார்த்தார்கள். அவர்கள் வேலை பார்த்த எல்லாக் கம்பெனியிலும் அதற்கு 'வெட்டி ஏற்று' என்று பொருள். கேஸ் கட்டரை இறக்கினார்கள்.

கௌரியும் நானும் ஷிஃப்ட் முடிந்து போனபோது ஜீப் முழுவதும் லாரியில் ஏறியிருந்தது, இரண்டடித் துண்டுகளாக. குறை சொல்ல முடியாத வெட்டு.

"இன்னாடா பண்ணி வச்சுகிறீங்க?" அப்போதுதான் திரும்பியிருந்த மாமாவின் குரல் உடைந்திருந்தது.

"நாங்க இன்னா பண்றது? சாரு கையெழுத்து போட்டுகிறாரே" என்றார் கட்டர்காரர், என்னைக் காட்டி.

"மாமா, எனக்குக் கதவு ரப்பர் மட்டுந்தான் தெரியும்."

"மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?"

"பொண்ணு தர மாட்டீகளோன்னு பயம்."

"இப்ப மட்டும் தருவனா?"

கௌரி அழ ஆரம்பித்தாள். எனக்கும் அழுகை வந்தது. எல்லாம் முடிந்தது என்றே நினைத்தேன்.

அப்போது கௌரியின் அம்மா வந்து லாரிக்குள் எட்டிப் பார்த்தார்.

"இஞ்சினு?"

"அதுவுந்தாம்மா" என்றார் கட்டர்காரர்.

"என் கல்யாணத்தன்னிக்கு இது பாதி வயில நின்னுபோச்சு. சிங்கப்பெருமாள் கோவில்லேர்ந்து பட்டுப்பொடவையோட தள்ளிகினு வந்தேன். இருவத்தஞ்சு வருசமா இத்த ஒயிக்க ஒரு ஆம்பளைக்குத் துப்பில்ல" என்றவர், மாமாவிடம் திரும்பி, "நாள் பாருய்யா. இந்தப் பையனுக்கே குடுத்துடலாம்" என்றார்.

கல்யாணம் நடந்தது. மேடையில் மாமா என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போது நன்றாகவே பேசுகிறார். ஆனால் அவர் காய்ச்சலில் படுத்திருக்கும்போது நான் நலம் விசாரிக்கப் போனால் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு, அத்தையிடம் சொல்கிறார்:

"மாப்ளய உள்ள வுடாத. அவரு பாத்துட்டுப் போனா, மறுநாளு லாரி வரும்."