நாற்காலிக்கும் தைராய்டு

டயர் கடைக்கு மேல்மாடியில் இப்படி ஒரு கூட்டம் கூடும் என்று டயர் கடைக்காரரே கனவு கண்டிருக்கமாட்டார். வாரத்தில் இரண்டு நாள் படிக்கட்டு கொள்ளாமல் வரிசை தெருவுக்கு இறங்கி, பேருந்து நிறுத்தத்தையும் விழுங்கிவிடும். பேருந்துக்காக நின்ற இரண்டு பேர் தெரியாத்தனமாக வரிசையோடு மேலே போய், நோயாளிகளாகக் கீழே இறங்கினார்கள்.

மேலே இருந்தவருக்கு நூலய்யா என்று பெயர். வைத்தியம் எளிமையானது. கழுத்தில் ஒரு வெள்ளை நூலைச் சுற்றுவார். கண்ணை மூடிக்கொண்டு கையை மடியில் வைக்கச் சொல்வார். பிறகு நூலை அவிழ்த்து, நீர்த்த தேநீர் நிறத்தில் இருக்கும் 'சாட்சித் தண்ணீரில்' முக்குவார். நூல் கருநீலமானால் தைராய்டு கழுத்தில் ஒளிந்திருக்கிறது என்று பொருள். எல்லோருடைய நூலும் கருநீலமானது. மின்விசிறியைச் சரிசெய்ய வந்தவருடைய நூலும் ஆனது. பாவம், ஏணியை அங்கேயே சாத்திவிட்டு அவரும் வரிசைக்குப் போய்விட்டார். பதினோரு வாரம் தவறாமல் வந்து காணிக்கை போட்டால் நூல் கருநீலமாகாமலே வெளியே வருமாம். அப்படி வந்த சிலரை எல்லோர் கண்ணிலும் படும்படி முன்வரிசையில் உட்காரவைத்திருந்தார்கள்.

அந்த வரிசையில் நான்கு வாரமாக நின்றவர்களில் காலர் அக்காவும் ஒருத்தி. சட்டை தைக்கும் பட்டறையில் காலர் மட்டும் தைப்பதால் வந்த பெயர். மூன்று வருஷத்துக்கு முன் அவளுக்குத் தைராய்டு குறைந்திருக்கிறது என்று கண்டுபிடித்து மாத்திரை கொடுத்தார்கள். தினமும் விடிந்ததும் வெறும் வயிற்றில் ஒன்று. நன்றாகத்தான் இருந்தாள். இப்போது பழைய கதையெல்லாம் திரும்பி வந்துவிட்டது. சீப்பில் கொத்துக்கொத்தாய் முடி. எல்லோரும் வியர்த்து வழியும் பட்டறையில் அவளுக்கு மட்டும் குளிர். மதியம் ஆனால் கண் தானாகச் செருகும்.

மருத்துவரிடம் போனாள். அவர் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தார், அவளைப் பார்க்கவில்லை. "எல்லாம் நார்மல். போய்ட்டு வாங்க" என்றார். வீட்டுக்கு வந்தால் கணவனும் அதையே சொன்னான். தாள் நார்மல், டாக்டர் நார்மல், அவள்தான் வேலை செய்யாமலிருக்கச் சாக்குச் சொல்கிறாளாம். உடம்பு படுத்துவதைவிட, தன் பேச்சை ஒருவரும் நம்பவில்லையே என்பதுதான் அவளை அதிகம் வாட்டியது.

நூலய்யா நம்பினார். நம்புவதுதானே அவர் தொழில். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "உனக்கு நோய் இருக்கும்மா. கழுத்துல ஒளிஞ்சிருக்கறது ரத்தத்துக்கு எப்படித் தெரியும்? அந்த மாத்திரைதான் அதை மூடி மறைக்குது. நிறுத்திடு" என்றார். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. மாத்திரையை நிறுத்தினாள். காதிலிருந்த கம்மலும் காணிக்கைப் பெட்டிக்குப் போனது. முகம் வீங்கி, குரல் கட்டி, கால் இரும்பாய்க் கனத்தபோது, நோய் வெளியேறுகிறது என்றார் நூலய்யா. நோய் வெளியேறவில்லை, அவள்தான் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிக்கொண்டிருந்தாள்.

நாத்தனார் மட்டும் முதல் நாளிலிருந்தே முறைத்தாள். சலவைக் கடையில் இஸ்திரி போடுபவள். அண்ணியால் தனியாகப் படி ஏற முடியவில்லையே என்று வாரா வாரம் கூட வந்து, வாயை மூடிக்கொண்டு நின்றாள். வாயை மூடுவது அவளுக்குச் சாதாரண வேலை அல்ல.

ஐந்தாம் வாரம் பட்டறையில் விபரீதம் நடந்தது. காலர் அக்கா தையல் மெஷின் மேலேயே தூங்கிவிழ, ஊசி விரலைத் துளைத்துவிட்டது. மேஸ்திரி ஓடிவந்து, முதலுதவிப் பெட்டியிலிருந்த பழுப்பு நிறப் புண் மருந்தை விரலில் ஊற்றினார். இரண்டு சொட்டு, கஞ்சி போட்டு விறைப்பாக்கிய காலர் ஒன்றின் மேல் விழுந்தது. விழுந்த இடம் கருநீலமானது. அதே நிறம். மருந்தின் வாசனையும் சாட்சித் தண்ணீரின் வாசனைதான்.

அக்கா வலியை மறந்து அந்தக் காலரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் எந்தக் கழுத்தும் நுழையாத காலர். அதற்கு எங்கிருந்து வந்தது தைராய்டு?

சாயங்காலம் நாத்தனாரிடம் காட்டினாள்.

"இதுக்குப் போயா மலைச்சுப் போறீங்க அண்ணி? கஞ்சி போட்ட துணில அந்த மருந்து பட்டா அப்படித்தான் ஆகும். ஒரு கஸ்டமர் சட்டையில கொட்டிட்டு முதலாளிகிட்ட நான் வாங்கிக் கட்டிக்கிட்டது கொஞ்சமா?"

அக்காவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. நாளெல்லாம் நூலைத் தொட்டுப் பிழைப்பவள், கழுத்தில் சுற்றிய நூலை ஒருமுறை விரலால் நெருடிப் பார்க்கவில்லையே. கண்ணை மூடச் சொன்னார், மூடினாள். கையை மடியில் வைக்கச் சொன்னார், வைத்தாள்.

அடுத்த முறை மேல்மாடிக்குப் போனபோது பையில் தன் நூல்கண்டையும் அந்தக் காலரையும் எடுத்துக்கொண்டாள். அவள் முறை வந்தது. நூலய்யா கண்ணை மூடச் சொன்னார். அவள் மூடவில்லை.

"ஐயா, இன்னிக்கு என் நூலைக் கட்டுங்க. உங்க நூலை நீங்க உட்கார்ந்திருக்கற நாற்காலிக் கால்ல கட்டுங்க" என்றாள்.

நூலய்யா சிரித்தார். சாமான்களோடு விளையாடக் கூடாது, சாட்சித் தண்ணீர் கோபித்துக்கொள்ளும் என்றார். அதற்குள் நாத்தனார் அவர் மடியிலிருந்து ஒரு நூலை உருவி நாற்காலிக் காலில் சுற்றிவிட்டாள். அக்கா தன் நூலைத் தானே கழுத்தில் சுற்றி அவிழ்த்தாள். நாற்காலி நூலையும் அவிழ்த்து, இரண்டையும் சாட்சித் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டாள். கழுத்து நூல் லேசாகப் பழுப்பேறி அப்படியே கிடந்தது. நாற்காலி நூல் கருநீலமானது.

கூடமே கிண்ணத்தை எட்டிப் பார்த்தது. முன்வரிசைப் பெரியவர் ஒருவர்தான் முதலில் தேறினார். ஐயா உட்கார்ந்த நாற்காலி அல்லவா, ஊர் நோயை எல்லாம் அது இழுத்துக்கொண்டிருக்கிறது என்று பக்கத்திலிருந்தவருக்கு விளக்கினார். அறிவாளி.

அக்கா காலரை எடுத்து முக்கினாள். முழுக் காலரும் கருத்தது.

"இதுல கழுத்தே நுழைஞ்சதில்லை" என்றாள். "கஞ்சி போட்ட நூல் கருக்குது. போடாத நூல் கருக்காது. பதினோராவது வாரம் எந்த நூல் கட்டுவீங்கன்னு நானே சொல்லட்டுமா ஐயா?"

நூலய்யா சொல்லவிடவில்லை. காணிக்கைப் பெட்டியை அணைத்துக்கொண்டு எழுந்தார். வாசலில் மின்விசிறிக்காரர் தன் ஏணியைக் குறுக்கே போட்டு உட்கார்ந்திருந்தார். பெட்டி திறந்தது, கம்மல் காதுக்குத் திரும்பியது.

அன்றே மாத்திரையும் திரும்பியது. மறுநாள் அதே மருத்துவரிடம் போனாள். மாத்திரையை நிறுத்தியதற்கு அவர் திட்டினார், வாங்கிக்கொண்டாள். அவர் பழைய தாளைப் புரட்டி, அப்போது எல்லாம் நார்மலாகத்தான் இருந்தது என்றபோது அவள் எழுந்திருக்கவில்லை.

"தாள் நல்லா இருந்துச்சு, நான் நல்லா இல்லை. தைராய்டு இல்லைன்னா வேற எது? அதைப் பாருங்க சார்."

மருத்துவர் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். தூக்கம், சாப்பாடு, மாதவிலக்கு என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒரு வருஷமாகவே மாதாமாதம் அதிகமாகப் போகிறது என்றாள். வேறொரு பரிசோதனை எழுதினார். இரும்புச் சத்து அடிமட்டத்தில் இருந்தது. தைராய்டு என்ற வீடு சரியாக இருக்க, பக்கத்து வீட்டில் தீப்பிடித்திருந்தது; ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. பழையபடி ஆக அவளுக்குச் சில மாதம் பிடித்தது. இப்போது மெஷினில் அவள் தூங்குவதில்லை.

மேல்மாடி காலியாகிவிட்டது. நாற்காலியை டயர் கடைக்காரர் கீழே கொண்டுவந்து வாசலில் போட்டிருக்கிறார். இன்றைக்கும் யாராவது வந்து, கழுத்தை ஒருமுறை அதன் காலில் உரசிக்கொள்ளலாமா என்று தணிந்த குரலில் கேட்கிறார்கள். நாற்காலியைக் குறை சொல்ல முடியாது. அதற்குக் கால் நாலு இருக்கிறது, தலை இல்லை. உரச வருகிறவர்களுக்கு இருக்கிறது.