பள்ளிகொண்டாரும் போட்டோ மரமும்

தரையை விலைக்கு வாங்கும் முன் அதன் மேல் படுத்து ஒரு தூக்கம் போட்டுப் பார்த்த மனிதர் இந்தப் பூவுலகில் ஒரே ஒருவர்தான். அவர் மயிலாப்பூர்க்காரர். தி. நகரில் நான் வேலை பார்த்த கடையில் அவருக்குப் 'பள்ளிகொண்டார்' என்று பெயர். நிஜப் பெயரைப் பில் போடும்போது கேட்டு எழுதினோம், எழுதிய கையோடு மறந்தும் போனோம். ஸ்ரீரங்கத்துப் பெருமாள் மாதிரி வலது கையைத் தலைக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டு கடை நடுவே படுத்திருப்பவரை வேறு என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது?

தொண்ணூறுகளின் கடைசி. உஸ்மான் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் முதலாளியின் பிளைவுட் கடை. அவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், ஊருக்கெல்லாம் அண்ணாச்சி. ஒரு தடவை சிங்கப்பூர் போய்விட்டு வந்தார். எல்லோரும் சென்ட் பாட்டிலை எதிர்பார்த்துப் பெட்டியைச் சுற்றி நின்றோம். உள்ளே பலகைத் துண்டுகள்.

"ஏல, இனிமே மெட்ராஸ்ல ஒருத்தனும் மொசைக் போடமாட்டான், பாத்துக்க. எல்லாம் லேமினேட்டுதான்" என்றார்.

எனக்கு அதுவரை தெரிந்த லேமினேட், டிகிரி சர்டிபிகேட்டுக்குப் போடுவது. அப்படிப்பட்ட என்னைத்தான் விற்பனைக்கு நிறுத்தினார். மாடியில் ஏ.சி. மாட்டி, மூலைக்கு ஒரு தரையாகப் போட்டு, ஹால், படுக்கையறை, சமையலறை, பூஜையறை என்று மேலே அட்டைகளைத் தொங்கவிட்டார். ஒரு முழு வீட்டுக்கான தரையையும் ஒருவருக்கே விற்றுவிட வேண்டும் என்பது அவர் கனவு. ஒரு மாதமாக அந்த மாடிக்கு ஏறி வந்தது பக்கத்துப் பாத்திரக் கடைப் பூனை மட்டும்தான்.

அப்புறம் ஒரு சித்திரை மத்தியானம் இவர் வந்தார். வேட்டி, அரைக்கைச் சட்டை, கையில் குடை, அக்குளில் ஒரு மஞ்சள் பை. செருப்பை யாரும் சொல்லாமலே கழற்றினார். படுக்கையறை அட்டைக்குக் கீழே போய் நின்று, குனிந்து, தரையை உள்ளங்கையால் தடவினார்.

"இது என்ன மரம்டாப்பா?"

"ஓக் மாமா."

"நிஜ மரமா?"

"மரம் மாதிரி மாமா. மரத்தூளை அழுத்திப் பலகையாக்கி, மேலே மரத்தோட போட்டோவை ஒட்டியிருக்காங்க."

"போட்டோவா! அப்போ என்னை ஒரு போட்டோ மேல படுத்துக்கச் சொல்றே."

"படுக்கச் சொல்லலையே மாமா. நடந்து பாருங்கன்னுதான்..."

"நடக்கறதுக்குத்தான் தெரு இருக்கே. ஆத்துல தரை எதுக்கு? படுத்துக்கத்தான்!"

சொல்லிக்கொண்டே மஞ்சள் பையிலிருந்து ஒரு குட்டித் தலையணையை எடுத்துப் போட்டுப் படுத்தார். நான் 'மாமா' என்று கூப்பிட வாயைத் திறப்பதற்குள் குறட்டை வந்துவிட்டது.

ஏ.சி.க்காக வந்த ஆசாமி என்பது அண்ணாச்சியின் தீர்ப்பு. மறுநாளும் வந்து படுத்ததும், "வெயிலுக்கு ஒதுங்கிக் கெடக்காரு. ஆஃப் பண்ணுல" என்றார். அணைத்தேன். பள்ளிகொண்டார் வியர்த்து வழிய எழுந்து உட்கார்ந்தார். சண்டைக்கு வருவார் என்று இரண்டடி பின்வாங்கி நின்றேன்.

"பேஷ்! எங்காத்துல ஏது ஏ.சி.? இப்படிப் பார்த்தாத்தான் சரியா இருக்கும். நானே சொல்லணும்னு இருந்தேன்" என்று பாராட்டிவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவரோடு சேர்ந்து நானும் அண்ணாச்சியும் வேர்வையில் குளித்ததுதான் மிச்சம்.

அந்த வாரமே பெசன்ட் நகரிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். மாடி ஏறியவுடன் அந்த அம்மாள் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏங்க, அவருக்கு என்ன ஆச்சு?" என்று அலறினார்.

"ஒண்ணுமில்லை மேடம், டெமோ" என்றேன். வாயில் அதுதான் வந்தது. அவர்கள் கொஞ்ச நேரம் நின்று அவர் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்தார்கள். இரண்டு அறைக்கு ஆர்டர் கொடுத்துவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து பள்ளிகொண்டார் படுத்தால் ஏ.சி.யை அதிகமாக வைக்கச் சொல்லி அண்ணாச்சியே உத்தரவு போட்டார். மாடிப்படியில் சத்தமாக நடந்தால் எனக்குத் திட்டு.

ஒருநாள் எழுந்து கீழே வந்து காபி குடிக்கும்போது அவரே விஷயத்தைச் சொன்னார். மாமிக்கு ஈஸினோபீலியா. மொசைக் தரையின் ஜில்லிப்பு ஏறினால் விடிய விடிய இழுப்பு. தரைப்பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் ஒரு நாடாக் கட்டில் வாங்கி மாமியை அதில் ஏற்றியாகிவிட்டது. மாமாவுக்கோ பிறந்ததிலிருந்து தரைதான். அவரும் ஒரு கட்டிலில் படுத்துப் பார்த்தார். உருண்டு கீழே விழுந்து, விழுந்த இடத்திலேயே சுகமாகத் தூங்கிப் போனார்.

"பாய் போட்டுக்கலாமே மாமா?" என்றேன்.

"பாய் வழியா ஜில்லிப்பு ஏறறது. மெத்தை போட்டா அதுல இருக்கற தூசி ஆகல்லை. எல்லாம் பார்த்தாச்சுடாப்பா. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து பக்கத்துல பக்கத்துல படுத்துண்டு ஊர்க்கதை பேசிண்டே தூங்கிப் பழக்கம். இப்போ கட்டில்ல அவ மாடி, தரைல நான் கீழ் போர்ஷன். ஒரு வார்த்தை பேசணும்னா வாசல்லேர்ந்து கூப்பிடற மாதிரி கத்த வேண்டியிருக்கு. அவளைக் கீழே இறக்கணும். அதுக்கு ஜில்லுனு இல்லாத தரையா ஒண்ணு வேணும். அவ்வளவுதான்."

கல்லாவில் இருந்த அண்ணாச்சி தேவையில்லாமல் மூக்கைச் சிந்தினார்.

ஆனாலும் வியாபாரம் வியாபாரம்தானே. "சாமி, ஒரு ரூமுக்கு மட்டும் போட்டா என்ன அழகு? வீடு முச்சூடும் போட்டுருவோம்" என்று அண்ணாச்சி மெதுவாகத் தூண்டில் போட்டார். பள்ளிகொண்டார் மறுக்கவில்லை. ஒவ்வொரு அறையையும் பரீட்சை வைத்துத்தான் முடிவு செய்வேன் என்றார். மறுநாள் டிபன் பாக்ஸோடு வந்து ஹால் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். மிளகாய்ப்பொடி தடவிய இட்லியைச் சாப்பிட்டுவிட்டு, கையிலிருந்த எண்ணெயைச் சொட்ட விட்டுத் துடைத்துப் பார்த்தார். கபாலி கோயில் பிரசாதத் தேங்காய் மூடியைத் தூக்கிப் போட்டுச் சத்தம் கேட்டார். என்னைக் குதிக்கச் சொன்னார். குதித்தேன்.

"எல்லாம் சரி. மழைல நனைஞ்ச காலோட நாலு பேர் உள்ளே வந்தா?"

"ஈரம் தங்கினா பலகை ஊதிடும் மாமா. வாசல்லயே துடைச்சிட்டு வரச் சொல்லணும்."

"வரவா போறவா காலையெல்லாம் பார்த்துண்டு நிக்க நான் என்ன வாட்ச்மேனா? ஹாலுக்கு மொசைக்கே இருக்கட்டும்."

அடுத்து சமையலறை. "பால் பொங்கும், ரசம் கவிழும். ஆத்துல அவ கையலம்பற வேகத்துக்குப் பாதி குழாய்த் தண்ணி தரைலதான் இருக்கும். வேண்டாம்." பூஜையறை அட்டைக்குக் கீழே ரொம்ப நேரம் நின்றார். மாக்கோலம் போடலாமா என்று கேட்டார். அரிசிமாவைத் தண்ணீரில் கரைத்துப் போடுவது, கூடாது என்றேன். அவர் பார்த்த பார்வையில் சிங்கப்பூரே தலை குனிந்திருக்கும்.

"கோலம் போடக்கூடாத இடத்துல ஸ்வாமி எப்படிடா குடியிருப்பார்?"

ஆக, மிச்சம் படுக்கையறை ஒன்றுதான். அண்ணாச்சியின் முழு வீட்டுக் கனவு அங்கே முடிந்தது. ஆனால் எந்தப் பலகை என்பதற்கு வேறு ஒரு பரீட்சை இருந்தது. ஓக், வால்நட், பீச் என்று மூன்று மரத்தின் போட்டோ மேலும் தனித்தனியாகத் தூங்கினார். வால்நட்டிலிருந்து திடுக்கென்று எழுந்து, "இது சரிப்படாது. பழைய ஆபீஸ் மேனேஜர் கனவுல வந்து லீவு கிடையாதுங்கறார்" என்றார். ஓக்கில் ஏதோ கல்யாணத்தில் பந்தி முடிந்துவிட்டதாகக் கனவு. பீச்சில் கனவே வரவில்லை. பீச் என்று முடிவானது. என் வியாபார வாழ்க்கையில் கனவை வைத்துக் கலர் தேர்ந்தெடுத்தவரும் அவர்தான்.

"அவ ஒரு தடவை படுத்துப் பார்த்துட்டா போட்டுடலாம்" என்று மாமியைப் பன்னிரண்டு பி பஸ்ஸில் அழைத்து வந்தார். மாமி மாடியேறி, அட்டைகளையும் என்னையும் பார்த்துவிட்டுக் கோபத்தில் சிவந்தார்.

"கடைத்தெருவுல வந்து படுத்துக்கறதா? உங்களுக்குத்தான் வெக்கமில்லை, எனக்குமா?"

அண்ணாச்சி என்னைக் கழுத்தைப் பிடிக்காத குறையாகக் கீழே இழுத்து வந்தார். மாடிப்படியின் முதல் படியில் தானே உட்கார்ந்துகொண்டார். ஏற வந்தவர்களிடம் "மாடில ஸ்டாக் எடுக்கோம், அப்புறமா வாங்க" என்று திருப்பி அனுப்பினார். வந்த வியாபாரத்தைத் திருப்பி அனுப்பும் அண்ணாச்சியை நான் அன்றுதான் பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்து மாமி இறங்கி வந்தார். படுத்தாரா, உட்கார்ந்தாரா, நாங்கள் கேட்கவில்லை. "ஜில்லுனு இல்லை" என்று மட்டும் சொன்னார்.

தரை போடும்போது எங்கள் ஃபிட்டர் மயிலாப்பூரிலிருந்து கடைக்குப் போன் செய்தார். "இன்னா சார் இது! நான் ஒரு பலகை போட்டா பெருசு பின்னாடியே பட்துக்கினு வருது. இவரையும் சேர்த்து பசை போட்டு ஒட்டிறப் போறேன்!"

வேலை முடிந்ததும் நானே போய், இதன் மேல் தண்ணீர் கொட்டவே கூடாது என்று இரண்டு பேரிடமும் சொல்லிவிட்டு வந்தேன். நல்ல நாள் பார்த்து மாமி கீழே இறங்குவதாக ஏற்பாடு.

அதற்கப்புறம் சில நாள் கழித்துப் பள்ளிகொண்டார் கடைக்கு வந்தார். படுக்கவில்லை. நின்றார். அண்ணாச்சி என் காதில், "போச்சுல. நின்னுக்கிட்டே இருக்காரே" என்றார்.

"தரை எழுந்துண்டுடுத்துடா" என்றார் பள்ளிகொண்டார்.

மூவரும் ஆட்டோவில் போனோம். அறை நடுவே பலகைகளின் இணைப்பு நீளத்துக்கு ஊதி, வளைந்து வளைந்து ஒரு வரப்பு எழும்பியிருந்தது. நிலைப்படியில் மாமி கண்ணைத் துடைத்தபடி நின்றிருந்தார். பக்கத்தில் நாடாக் கட்டில் மறுபடி விரித்துப் போடப்பட்டிருந்தது.

"தண்ணி கொட்டினீங்களா மாமி?"

"நான் ஏம்ப்பா தண்ணி கொட்டறேன்? கோலம்னா போட்டேன்!"

"மாக்கோலமா?"

"புதுத் தரைல முத முதலா கால் வெக்கறச்சே கோலம் போடாம வெப்பாளா? அறை நிறையப் படிக்கோலம் போட்டேன். மறுநாள் அலம்பிட்டு வேற போட்டேன். பழைய கோலத்து மேலயா புதுக் கோலம் போடுவா?"

"பூஜையறைல கூடாதுன்னு இவன் சொன்னான். படுக்கையறைல இவ கோலம் போடுவான்னு நான் கண்டேனா?" என்றார் மாமா.

"கோலம் எப்போ தண்ணில சேர்த்தியாச்சு?" என்றார் மாமி. அண்ணாச்சி குனிந்து வரப்பைத் தடவிப் பார்த்தார். மாமியின் கேள்விக்குச் சிங்கப்பூர்க்காரனே வந்தாலும் முழிப்பான்.

பசை போட்டு ஒட்டிய தரை. ஒரு பலகையைப் பிடுங்கினால் எல்லாம் கையோடு வரும். அண்ணாச்சி ஒரே வார்த்தையில் "நான் புதுசு போட்டுக் குடுக்கேன்" என்றார். ஆனால் பீச் தீர்ந்துவிட்டது. அடுத்த சரக்கு கப்பலில் வர வேண்டும், எப்போது வரும் என்று கப்பலுக்கே தெரியாது. "பரவாயில்லை, நான் கட்டிலுக்கே போயிடறேன். என்னாலதானே ஆச்சு" என்றார் மாமி. அதைக் கேட்க எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

பள்ளிகொண்டார் வரப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வழக்கம்போல் படுத்தார். கொஞ்சம் மேலே நகர்ந்து, கழுத்தைச் சரியாக அந்த மேட்டில் வைத்தார். வலது கை தானாகத் தலைக்குப் போனது.

"டேய், இங்கே பாருடா! தலகாணியே வேண்டாம்!"

அண்ணாச்சியால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. "அது சரி! பள்ளிகொண்டாருக்கு ஆதிசேஷனும் வந்துட்டாரு!"

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. நான் ஜன்னல் வழியாகக் குதிக்கலாமா என்று பார்த்தேன்.

"யாருக்கு யார் வந்தா?" பள்ளிகொண்டார் தலையைத் தூக்கினார். "எனக்குக் கடைல அந்தப் பேரா?"

"ஆமா சாமி. மன்னிச்சிருங்க" என்றார் அண்ணாச்சி.

அவர் சிரிக்க ஆரம்பித்தார். வயிறு குலுங்க, கண்ணில் நீர் வர, தரையில் புரண்டு புரண்டு சிரித்தார். "கேட்டியோடீ, கேட்டியோடீ!" மாமியும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்து, மேட்டையும் படுத்திருந்தவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பெருமாளுக்குக் காலடிலதான் தாயார். நான் காலடிலயெல்லாம் உட்கார மாட்டேன், சொல்லிட்டேன். கொஞ்சம் தள்ளிப் படுங்கோ."

நானும் அண்ணாச்சியும் அவசரமாக வாசலுக்கு வந்து செருப்பைத் தேடினோம்.

கப்பல் வந்ததும் புதுப் பலகை போட நான் போனேன். "வேண்டாம், இதுவே பழகிப்போச்சு" என்று சொல்லி, காபி கொடுத்து அனுப்பிவிட்டார்கள். போகும்போது எட்டிப் பார்த்தேன். மேடு அப்படியே இருந்தது. இரண்டு தலைக்கும் தாராளமாக இடம் இருந்தது. நாடாக் கட்டில் பால்கனிக்குப் போய்விட்டது. அதன் மேல் வடாம் காய்ந்துகொண்டிருந்தது.

அதற்கப்புறம் எத்தனையோ பேருக்குத் தரை விற்றிருக்கிறேன். கலர் பார்க்கிறார்கள், விலை பார்க்கிறார்கள், காலால் தட்டிப் பார்க்கிறார்கள். புருஷனும் பெண்டாட்டியுமாக யாராவது வந்து நின்றால் மட்டும், கொஞ்சம் படுத்துப் பாருங்களேன் என்று சொல்ல இன்றைக்கும் நாக்கு நுனி வரை வருகிறது.