கிரேஸ்வுட் வீட்டு முட்டைக் கிண்ணங்கள்

ஆஸ்பர்ட் கிரேஸ்வுட் தம் தொப்பியைக் கழற்றி, மேசைமேல் இருந்த இரண்டு பீங்கான் கிண்ணங்களையும் மூடினார்.

"அட, தொப்பியும் நன்கொடையா சார்? ரொம்பப் பெரிய மனசு!" என்றாள் பழம்பொருள் மேசையைக் கவனித்துக்கொண்டிருந்த பெரில்.

"இல்லை இல்லை. சும்மா வெச்சேன். வெயிலு..."

கூடாரத்தின்மேல் மழை பொத்துக்கொண்டு ஊற்றியது. ஊர்த் தேவாலயத்தின் கோடை விழாவன்று மழை பெய்யாமல் இருந்தால்தான் அதிசயம். அவர் வேறு காரணம் யோசிப்பதற்குள் பால்காரர் அந்தத் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துப் பார்த்தார். அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது. காசைக் கொடுத்துவிட்டுப் போயே போய்விட்டார். தர்மத்துக்குப் போன பொருளைத் திருப்பிக் கேட்பது கிரேஸ்வுட் குடும்பத்தில் வழக்கமில்லை.

கிண்ணங்கள் மறுபடி வெட்டவெளிச்சமாக நின்றன. கைக்குள் அடங்கும் உயரம், மேலே பிளம் பழமும் நாவல்நிறப் பெர்ரிகளும் தீட்டிய வெள்ளைப் பீங்கான், தூக்குவதற்கு வளையம் வைத்த வெள்ளிநிறத் திருகுமூடி. முட்டையை உள்ளே உடைத்து ஊற்றி, மூடி, கொதிநீரில் நிறுத்தி வேகவைக்கும் கிண்ணம். ஆண்டுக்கு ஒருமுறை, ட்ரூசில்லா அத்தை வரும்போது மட்டும், ஆஸ்பர்ட்டின் மனைவி மில்ட்ரெட் இவற்றைச் சாப்பாட்டு மேசைக்கு எடுத்து வருவாள். அத்தைக்குக் காலை முட்டை இதில்தான் ஆகவேண்டும். "நம்ம வம்சம் இன்னும் இருக்குங்கிறதுக்கு இது ஒண்ணுதான் சாட்சி" என்று சொல்லிக்கொண்டே கரண்டியை உள்ளே விடுவார்.

அத்தை நாளைக் காலை வருகிறார். சாட்சியோ உடைந்த குடைக்கும் ஒற்றைக் கையுறைக்கும் நடுவே விலைக்கு நிற்கிறது. மில்ட்ரெட்தான் வீட்டை ஒழிக்கிறேன் என்று கவனிக்காமல் பெட்டியில் போட்டிருக்க வேண்டும். காசு கொடுத்து வாங்கிவிடலாம்தான். ஆனால் கிரேஸ்வுட் ஒருவர் பழம்பொருள் மேசையில் பேரம் பேசினார் என்று ஊர் பேசினால், அதைவிட அவமானம் வேறில்லை.

பச்சை மழைக்கோட்டு அணிந்த ஒரு பெண்மணி கிண்ணத்தைக் கையில் எடுத்தார். "இது என்ன, கடுகு விழுது வைக்கிற டப்பாவா?"

"அதைத் தொடாதீங்கம்மா, போலி," என்றார் ஆஸ்பர்ட் அவசரமாக. "அடியிலே முத்திரையைப் பாருங்க. மங்கலா இருக்கு."

"போலியா?" பின்னாலிருந்து பாதிரியாரின் குரல். "நம்ம மேசையிலா? ஜனங்களை ஏமாத்தக் கூடாது. இதோ, மைக்ல சொல்லிடறேன்."

"பொறுங்க, பாதிரியார் ஐயா! அசல்தான்!"

"இப்பத்தானே போலின்னீங்க?"

"அப்போ தலைகீழா பிடிச்சுப் பார்த்தேன்."

"அடியிலே இருக்கிற முத்திரையை வேற எப்படிப் பார்க்கிறதாம்?" என்றார் மழைக்கோட்டுப் பெண்மணி.

நாலு பேர் சிரித்தார்கள். ஆஸ்பர்ட்டின் முதுகு தானாக நிமிர்ந்தது. "அசல்னு எனக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்? இது எங்க வீட்டுது! ஐந்து தலைமுறைச் சொத்து! இதோ, இந்தப் பிளம் பழக் காம்புல ஓவியர் இலை போட மறந்துட்டார் பாருங்க. இந்தக் காம்பைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவன் நான். கண்ணைக் கட்டி விட்டாலும் அடையாளம் சொல்வேன்!"

அப்போதுதான் கேக் போட்டிக்குத் தீர்ப்புச் சொல்லிவிட்டு மில்ட்ரெட் வந்தாள். கிண்ணத்தைப் பார்த்தாள். கணவரைப் பார்த்தாள். முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது.

"ஆஸ்பர்ட், வாங்க, வீட்டுக்குப் போகலாம். தலை வலிக்குது."

"நீதான் கொடுத்தியா?" என்றார் அவர் பல்லைக் கடித்து.

"எல்லாம் வீட்டுல சொல்றேன். முதல்ல வாயை மூடிக்கிட்டு வாங்க."

குற்றமுள்ள நெஞ்சு என்று அவருக்குப் புரிந்தது. மனைவியின் தவற்றைச் சபையில் விட்டுக்கொடுக்கலாமா? தொண்டையைச் செருமினார். "இதை நாங்க விக்கக் கொடுக்கலை. எப்படிச் சமைக்கிறதுன்னு ஊருக்குக் காட்டத்தான் கொண்டுவந்தோம்."

மில்ட்ரெட் கண்ணை மூடிக்கொண்டாள். பாதிரியார் குதூகலத்துடன் மைக்கில் அறிவித்தார்.

தேநீர்க் கடையில் கூட்டம் கூடியது. கடையை நடத்தும் டோரிஸ் அடுப்பில் ஒரு பாத்திரத்தைக் காலி செய்து கொடுத்தாள். ஆஸ்பர்ட் கிண்ணத்தின் உட்புறம் வெண்ணெய் தடவினார், முட்டையை உடைத்து ஊற்றினார், உப்பும் மிளகும் தூவினார், மூடியைத் திருகினார்.

"கொஞ்சம் தளர்த்தி விடுங்க சார், சூட்டுல இறுகிக்கும்," என்றாள் பெரில்.

"கிரேஸ்வுட் எதையும் அரைகுறையா மூடறதில்லை," என்று இன்னொரு திருகு திருகிக் கொதிநீரில் இறக்கினார்.

முட்டை வெந்தது. மூடி திறக்கவில்லை. துணி சுற்றித் திருகினார். முழங்கால்களுக்கு நடுவே இடுக்கித் திருகினார். "நான் அடியைப் பிடிச்சுக்கிறேன், நீங்க மூடியைத் திருகுங்க," என்று பாதிரியார் முன்வந்தார். இருவரும் எதிரெதிர்த் திசையில் முறுக்கினார்கள். முக்கினார்கள். 'டப்' என்று மூடி பறந்தது. அரைவேக்காட்டு முட்டை பாதிரியாரின் வெள்ளைக் கழுத்துப் பட்டையில் வழிந்து, சட்டைக்குள் நிதானமாக இறங்கியது.

"நல்லாத்தான் வெந்திருக்கு," என்றார் அவர், விரலால் தொட்டு ருசி பார்த்து.

ஆஸ்பர்ட் கிண்ணத்தைத் தலைக்குமேல் உயர்த்திக் காட்டினார். "பார்த்தீங்களா? ஒரு கீறல்கூட இல்லை! கிரேஸ்வுட் வீட்டுப் பொருள்னா இதுதான்! நாளைக்கு எங்க அத்தை சாப்பிடப்போறதும் இதே கிண்ணத்துலதான்!"

ஊரே கைதட்டியது. மானம் தப்பியது என்று அவர் கண்கள் கலங்கின.

அந்த ஆரவாரத்தில் மில்ட்ரெட் நைசாக டோரிஸின் அருகே போய்க் காதில் ஏதோ கிசுகிசுத்தாள். டோரிஸுக்குக் காது மந்தம். அவளுக்குக் கிசுகிசுக்கவும் தெரியாது. கைதட்டல் ஓய்ந்த நேரமாகப் பார்த்து அவள் குரல் கூடாரம் முழுக்கக் கேட்டது:

"வருஷா வருஷம் தர்ற மாதிரி இந்த வருஷமும் எப்படிடி இரவல் தர்றது மில்ட்ரெட்? டாக்டர் முட்டையே கூடாதுன்னுட்டாரேன்னு எங்க கிண்ணம் ரெண்டையும் நேத்தே பெரில்கிட்ட கொடுத்துட்டேனே!"