நேரம் பார்க்கும் முகூர்த்தம் அண்ணன்

கேமராக்காரர்களின் கடிகாரத்தைத் திருத்தவென்றே இந்த உலகத்தில் ஒருவர் பிறந்தார் என்றால், அது எங்கள் முகூர்த்தம் அண்ணன்தான். திண்டுக்கல்லில் நான் கல்யாண ஆல்பம் வடிவமைத்த ஸ்டுடியோவில், படங்களை வரிசைப்படுத்துவது அவர் வேலை. நிஜப் பெயர் சம்பள நாளில் மட்டும் கேட்கும்.

எங்கள் கேமராக்காரர்கள் பேட்டரி மாற்றினால் தேதியைத் திருத்த மாட்டார்கள். தாலி கட்டும் படம் நிச்சயதார்த்தத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால் அண்ணன் ஒரு சட்டம் போட்டார்: மண்டபத்தில் நுழைந்ததும் முதல் படம் சுவர்க் கடிகாரம். அதை வைத்து வித்தியாசத்தைக் கணக்குப் போட்டு, ‘யூடைம்’ என்ற கட்டளையைத் தன் சின்ன புரோகிராமில் ஓட்டுவார். ஒரு ஃபைலைக் கடைசியாகத் திறந்த நேரம், கடைசியாக மாற்றிய நேரம் இரண்டையும் நாம் சொன்னபடி மாற்றிவைக்கும் கட்டளை அது. அதை ஓட்டும் முன் செருப்பைக் கழற்றிவிடுவார்.

இந்தத் திறந்த நேரம்தான் எங்களுக்கு வினை. அதைப் பார்த்துவிட்டு அண்ணன் கேட்பார்:

“ஏலே, சாப்பாட்டு நேரத்துல ஒட்டன்சத்திரத்துப் பொண்ணுக்குத் தோழியா நின்ன பிள்ள படத்த எவன்டா திறந்தது?”

நாங்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் சோற்றைக் குனிந்து பார்ப்போம்.

அப்பேர்ப்பட்டவருக்கும் ஒரு சறுக்கல் வந்தது. ஒரு நாள் புதுப்பெண் ஒருத்தி அழுத கண்ணோடு ஸ்டுடியோவுக்கு வந்தாள். சித்தையன்கோட்டையில் இருக்கும் அவள் புருஷனின் அத்தைதான் அவனைத் தாய்போல வளர்த்தவர். பத்திரிகை வைத்த முறை சரியில்லை என்று கல்யாணத்துக்கு வராதவர், லேப்டாப்பில் நாங்கள் கொடுத்த படங்களைப் பார்த்திருக்கிறார். தாலி கட்டிய படத்தின் பக்கத்தில் பதினொன்றே முக்கால் என்றிருந்தது. வெள்ளிக்கிழமை, சுத்தமான ராகு காலம்!

“எட்டு மணிக்குக் கட்டுனோம்ணே. எல்லாரும் சேந்து மறைக்கிறோம்ங்கிறாக. மறுபடி தாலி கட்டுற வரைக்கும் என்னைய அம்மா வீட்டுல இருக்கச் சொல்றாக” என்றாள்.

அண்ணனும் நானும் மண்டபத்துக்கு ஓடினோம். சுவர்க் கடிகாரம் பத்தே முக்காலில் நின்று பல மாதம் ஆகியிருந்தது. காலை ஏழு மணிக்கு எடுத்த அந்தக் கடிகாரப் படத்தை நம்பி, அண்ணன் மொத்தக் கல்யாணத்தையும் ராகு காலத்துக்குள் தள்ளிவிட்டிருக்கிறார்!

நேரத்தைத் திருத்திக்கொண்டு, அந்தப் பெண்ணோடு சித்தையன்கோட்டைக்குப் போனோம். அண்ணன் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். அத்தை அசையவில்லை.

“ஏப்பா, நேரத்த நீயே மாத்துவேங்கிற. அப்ப இப்பவும் தோதா மாத்திட்டுத்தான வந்திருக்க?”

எனக்கும் அந்த அம்மா சொல்வது நியாயமாகத்தான் பட்டது. புதுப்பெண் மறுபடி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அப்போது மூலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அத்தையின் கணவர் எழுந்தார். கல்யாணப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று வீட்டம்மா உத்தரவு போட்டிருந்த மனிதர்.

“எட்டு மணிக்குத்தான் கட்டுனான். நான் பாத்தேன்.”

“நீங்க எங்க பாத்தீக?”

“பின் வரிசையில நின்னேன். பந்தியில சாப்ட்டுட்டு, உனக்குப் பயந்து பத்து மணிக்கு இங்க வந்து மறுபடி நாலு இட்லி தின்னேன்ல? மறந்துட்டியா?”

அத்தைக்கு இட்லி ஞாபகம் வந்துவிட்டது. கோபம் முழுக்கப் புருஷன் பக்கம் திரும்பியது. போகிற போக்கில் புதுப்பெண்ணிடம், “நீ உள்ள போயி காப்பி போடு தாயி” என்றார். அவள் சிரித்துக்கொண்டே உள்ளே ஓடினாள்.

திரும்பும் வழியில் அண்ணன் சொன்னார்: “தாலி கட்டுற படத்துலயே தூரத்துல மங்கலா அந்த மனுஷன் நிக்கிறாருடா. வீட்டுக்குள்ள பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. காட்டிக் குடுக்க மனசு வரல.”

அன்று முதல் அவர் சட்டைப் பையில் கடிகார பேட்டரி ஒன்று இருக்கும். என் கல்யாணத்தன்று விடியும் முன்னே வந்து, நாற்காலி மேல் ஏறி மண்டபக் கடிகாரத்துக்குப் புது பேட்டரி போட்டு, முள் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் என்னிடம், “மாப்ளையாயிட்டியேடா” என்றார்.

இப்போது மகளோடு ஓசூரில் இருக்கிறார். அன்று எடுத்த, நாற்காலியில் அவர் நிற்கும் படத்தைச் சாப்பாட்டு நேரத்தில் அடிக்கடி திறந்து பார்க்கிறேன். திறந்த நேரம் ஒவ்வொரு தடவையும் பதிவாகிறது. “எவன்டா திறந்தது?” என்று கேட்கத்தான் ஆள் இல்லை. நான்தான் அண்ணே.