ஷீட்டுக்குள் பூட்டு அண்ணாச்சி

பேட்டைத் தொழிற்பேட்டையில் பூட்டாமல் இருந்த ஒரே பொருள் பூட்டு அண்ணாச்சியின் வாய்தான். மேஜை, டிபன் பாக்ஸ் எல்லாம் பூட்டுக்குள். குடையைக்கூட ஜன்னல் கம்பியோடு சேர்த்துப் பூட்டுவார்.

எங்களுடையது அரிசி ஆலைகளுக்கு உதிரி பாகங்கள் செய்கிற பட்டறை. நான் பில் போடுகிறவன். அண்ணாச்சி ஸ்டோர் கீப்பர். ஒரு போல்ட் வேண்டுமென்றால் அவருடைய ஜன்னலில் போய் நிற்க வேண்டும். மாமனாருக்கு உடம்பு தேவலையா, திருச்செந்தூரில் கூட்டமா என்றெல்லாம் விசாரித்து முடித்த பிறகுதான் இடுப்பிலிருந்து சாவி இறங்கும்.

முதலாளியின் மகன் படித்துவிட்டு வந்ததும் இதற்கு முடிவு கட்டினார். எந்தச் சாமான் எவ்வளவு இருக்கிறது என்று அண்ணாச்சி ஒரு ஆன்லைன் ஷீட்டில் ஏற்ற வேண்டும். மற்றவர்கள் அவரவர் போனிலேயே பார்த்துக்கொள்ளலாம். அண்ணாச்சி இதற்கெல்லாம் பயந்தவர் இல்லை, பேரனோடு வீடியோவில் சண்டையே போடுகிறவர். ஏற்றிவிட்டார். திறந்து பார்த்தால் போல்ட், நட்டு, பெல்ட், பேரிங் எல்லாவற்றுக்கும் நேரே ஒரே விவரம்: ‘நேரில் வரவும்.’

எண் மட்டும்தான் போட வேண்டும் என்று சின்ன முதலாளி உத்தரவு போட்டார். அண்ணாச்சி பணிந்தார். எல்லாவற்றுக்கும் சைபர் போட்டார். பதறிக்கொண்டு ஜன்னலுக்கு ஓடினால், குசலம் விசாரித்துவிட்டு, சிரித்தபடி எடுத்துக் கொடுப்பார்.

இது தெரியாத சின்ன முதலாளி ஷீட்டை நம்பி ஒரு வேன் நிறைய பேரிங் வாங்கி இறக்கினார். வைக்க இடமில்லாமல் அவருடைய நாற்காலிக்கு அடியில்கூட பேரிங். இன்னொரு முறை சைபர் போட்டால் வீட்டுக்குப் போகலாம் என்று அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டார்.

ஒழுங்காகப் போட்டுத் தொலைத்தால் என்ன என்று நான் போய்க் கேட்டேன்.

“போட்டுட்டா எவம்வே இங்கன வருவான்? பைய பைய எல்லாரும் என்னைய மறந்துருவிய.”

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

மறுநாள் ஷீட்டில், பேரிங் கட்டத்தின் ஓரத்தில் கமெண்ட் போட்டேன்: “அண்ணாச்சி, சாப்டாச்சா?” பிறகு பதில் வந்தது: “இட்லி. சட்னில உப்பு இல்ல. ஒமக்கு?” அன்றைக்கே பேரிங் கணக்கு சரியாக ஏறியது. அப்புறம் பெல்ட்டுக்குப் பக்கத்தில் வெல்டர் மச்சினன் கல்யாணம், நட்டுக்குப் பக்கத்தில் மழை நிலவரம் என்று ஷீட் களைகட்டியது. எண்கள் அத்தனையும் துல்லியம். வேலையாட்களைப் புதிய முறைக்குத் தான் மாற்றிய விதம் பற்றி, சின்ன முதலாளி வருகிறவர்களிடமெல்லாம் விளக்க ஆரம்பித்தார்.

போன வருஷம் அண்ணாச்சி ஓய்வுபெற்று ராதாபுரத்தில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அவரை ஷீட்டிலிருந்து நீக்கச் சொன்னார்கள். நீக்கியாச்சு என்று சொல்லி வைத்திருக்கிறேன். இன்று காலையும் பேரிங் ஓரத்தில் வந்து, “சாப்டீராவே?” என்று கேட்டிருந்தார். அவர் கேட்காமல் எனக்கு இட்லி இறங்குவதில்லை.