கூடைப்பந்துக்குப் பெண் கேட்ட படலம்

கஜா பேராங், மலாக்கா.
7-10-1957, திங்கட்கிழமை.

பெருமதிப்பிற்குரிய அத்தான் சேதுபதி அவர்களின் சமூகத்திற்கு, மைத்துனன் மாணிக்கவாசகம் கைகூப்பி எழுதிக்கொள்வது. ஆண்டவன் புண்ணியத்தில் நானும் அஞ்சலையும் உடம்பளவில் சுகம். மனத்தளவில் எப்படி என்பது கடிதம் முடிவதற்குள் தங்களுக்கே விளங்கிவிடும். செகாமட்டில் தாங்களும் அக்காவும் மருமகன் கருணாகரனும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதைப் படித்த பிறகும் அப்படியே இருக்க வேண்டுகிறேன். தயவுசெய்து உட்கார்ந்துகொண்டு படிக்கவும். அக்கா அடுக்களையில் வேலையாக இருக்கும் நேரமாகப் பார்த்துப் படித்தால் இன்னும் உத்தமம்.

தாங்கள் அறிந்ததுதான். நில அளவை அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் வரைபடம் எழுதி ஓய்வு பெற்ற பிறகு எனக்குச் சாயங்காலம் என்ற ஒன்றை என்ன செய்வதென்று தெரியவில்லை. எங்களுக்குப் பிள்ளை குட்டியும் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் ஒருநாள் நடந்து போகும்போது, இங்கே பெண்கள் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரித் திடலில் பெண்கள் கூடைப்பந்து ஆடுவதைப் பார்த்தேன். மறுநாள் அஞ்சலையையும் அழைத்துப் போனேன். அதற்கடுத்த நாள் அவள் பிளாஸ்கில் தேநீர் ஊற்றிக்கொண்டு எனக்கு முன்னால் வாசலில் நின்றாள். கல்லூரித் தலைவி அம்மையார் எங்களை வேலிக்கு வெளியே நிற்க விடாமல் உள்ளே ஒரு பெஞ்சு போட்டுக் கொடுத்தார். பெஞ்சு இருந்தால் ஆள் சேரும், ஆள் சேர்ந்தால் சபை வரும். இப்போது 'கஜா பேராங் கூடைப்பந்து அபிமானிகள் சபை'யில் பதினோரு பேர் இருக்கிறோம். அடியேன் தலைவர். ஜாலான் பெண்டஹாரா தெருவில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ரஹீம் பாய் செயலாளர். பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருக்கும் தம்பிராஜா சத்தம் போடுவதற்குப் பொறுப்பு.

போன சீசனில் நம் பெண்கள் இறுதி ஆட்டம் வரை போய் இரண்டே இரண்டு பாயிண்டில் தோற்றார்கள். அன்று அஞ்சலை சமைக்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் வருகிற சீசன் வேறு, அத்தான். சுதந்திரம் வந்த பிறகு நடக்கிற முதல் சீசன். பாடாங் திடலில் நம் கொடி ஏறியபோது எல்லோரையும் போல எனக்கும் கண் கலங்கியது. கலங்கிய கண்ணோடு நான் நினைத்தது என்னவென்றால், வெள்ளைக்காரன் காலத்தில் தோற்றதற்கு ஆயிரம் காரணம் சொல்லலாம், இனிமேல் தோற்றால் நாமேதான் பொறுப்பு. இதை ரஹீம் பாயிடம் சொன்னேன். அவரும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாராம். எங்கள் நம்பிக்கை முழுவதும் ஒரே பெண் மேல் இருந்தது. பெயர் விஜயா. ஐந்தடி எட்டரை அங்குலம். வளையத்துக்கடியில் அவள் கையைத் தூக்கி நின்றுவிட்டால் மற்றவர்கள் பந்தை அவளிடம் சேர்த்தால் போதும், மிச்சத்தை அவள் பார்த்துக்கொள்வாள். சீனப் பெண் சூ லான்தான் கேப்டன், நெருப்பு. ஆனால் அவளே சொல்லுவாள், விஜயா இல்லாவிட்டால் தாங்கள் நால்வரும் சும்மா ஓடுகிற நாலு பேர் என்று.

அந்த விஜயாவைத்தான் போன வாரம் அவள் அப்பா ஆட்டத்திலிருந்து நிறுத்திவிட்டார். அவர் பெயர் பொன்னுதுரை. செங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பெரிய கிராணி. தோட்டத்துக் கணக்கு வழக்கெல்லாம் அவர் பேனாவில்தான் நடக்கும், அவர் இருமினால் பால் வெட்டுகிறவர்கள் வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள் என்று கேள்வி. மகள் ஆடி அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. முட்டிக்கு மேல் பாவாடை கட்டிக்கொண்டு நாலு பேர் பார்க்கக் குதிக்கிற பெண்ணை நாளைக்கு எவன் வந்து கேட்பான் என்பது அவர் வாதம். சூ லான் வந்து எங்களிடம் இதைச் சொன்னபோது அஞ்சலை ஊற்றிய தேநீர் பெஞ்சிலேயே ஆறிப்போனது. கடைசியில் பெரியவர்களாக மூன்று பேர் நேரில் போய்ப் பேசுவது என்று முடிவாயிற்று.

இங்கேதான் அத்தான், நான் செய்த பிழை. தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கையில் பெரிய மனிதர் வீட்டுக்கு வெறுங்கையோடு போகலாமா என்று அஞ்சலை ஒரு தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், தேங்காய், கொஞ்சம் பூ வைத்துக் கொடுத்தாள். ரஹீம் பாய், பாவாடைதானே தகராறு, முட்டிக்குக் கீழே இறக்கித் தைத்துக் கொடுக்கிறோம் என்று துணியைக் காட்டியே பேசலாம் என்று சொல்லி, கடையிலிருந்து ஐந்து கெஜம் மஞ்சள் பாப்ளின் கொண்டுவந்து அந்தத் தாம்பாளத்திலேயே வைத்தார். அணியின் நிறம் மஞ்சள். நேற்று ஞாயிற்றுக்கிழமை, நல்ல நேரம் பார்த்து, நானும் தம்பிராஜாவும் வேட்டி சட்டையில், ரஹீம் பாய் தொப்பி வைத்துக்கொண்டு, பூவும் பழமும் மஞ்சள் துணியுமாகக் கிராணி வீட்டு வாசற்படி ஏறினோம். இப்போது எழுதும்போது எனக்கே தெரிகிறது. அப்போது தெரியவில்லை.

பொன்னுதுரை தாம்பாளத்தைப் பார்த்தார். உள்ளே திரும்பி, "சாரதாம்பா, பாய் எடுத்துப் போடு" என்றார். நான் சுற்றி வளைக்காமல், "ஐயா, உங்க பொண்ணக் கேட்டு வந்திருக்கோம்" என்றேன். அவர் முகத்தில் இருந்த கடுமை அப்படியே இறங்கிவிட்டது. நான் அதை என் பேச்சுத் திறமை என்று நினைத்துக்கொண்டேன்.

"அவ ரொம்ப உயரமாச்சே, தெரியுமில்ல?" என்றார்.

"உயரந்தாங்க எங்களுக்கு வேணும்," என்றார் தம்பிராஜா. "அதுக்காகத்தான் வந்தோம்."

"வீட்டு வேலை அவ்வளவா வராது. மறைச்சுப் பேசக்கூடாது பாருங்க."

"அதெல்லாம் எதுக்குங்க," என்றார் ரஹீம் பாய். "கீழ ஓடியாட நாலு பேரு இருக்காங்க. இவ நின்ன எடத்துல நின்னா போதும்."

நாலு பேர் என்றதும் சாரதாம்பாள் அம்மாள் கதவோரத்திலிருந்து கணவரைப் பார்த்த பார்வையை நான் கவனித்தேன். அதுவும் நல்ல சகுனமாகத்தான் பட்டது. எப்போதிலிருந்து என்று கிராணி கேட்டார். ஜனவரியில் ஆரம்பம் என்றேன். வசதியெல்லாம் எப்படி என்றார். இத்தனை நாள் வேலி ஓரம், இப்போது பெஞ்சு போட்டிருக்கிறார்கள் என்றேன், அதை அவர் அடக்கம் என்று எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். சாதி சனம் என்று இழுத்தார். அது எதற்கு என்று எனக்குப் புரியவில்லை, ஆனால் தம்பிராஜா, "வெள்ளைக்காரனே மூட்டை கட்டிட்டான், இனிமே நமக்குள்ள என்னங்க" என்று போட்டார். கிராணி சற்று யோசித்து, "அதுவும் சரிதான்" என்று எழுந்து இரண்டு கையாலும் தாம்பாளத்தை வாங்கிக்கொண்டார். ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தைச் செய் என்பார்கள். நாங்கள் மூவரும் அரை மணி நேரம் உண்மையைத் தவிர வேறொன்றும் பேசவில்லை அத்தான், கல்யாணம் நிச்சயமாகிவிட்டது.

சாரதாம்பாள் அம்மாள் கேசரி கொண்டுவந்து வைத்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "மூணு வருஷமா இந்தப் படியேறி யாரும் கேக்கலைங்க. உயரம் உயரம்னு அவ காதுபடவே சொல்லிட்டுப் போனாங்க. பசியாறிட்டுத்தான் போகணும்" என்றார். அப்போதுதான் கிராணி கேட்டார்: "பையன் எங்க வேலையா இருக்காரு?"

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். ரஹீம் பாய் கூரையைப் பார்த்தார். சத்தத்துக்குப் பொறுப்பான தம்பிராஜா வாயில் கேசரியை அடைத்துக்கொண்டார். நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாயும் திறந்தேன். ஆனால் அந்த அம்மாள் முகத்தைப் பார்த்துக்கொண்டு, உங்கள் பெண்ணைக் கல்யாணத்துக்கு யாரும் கேட்கவில்லை, பந்து போடத்தான் கேட்டோம் என்று எந்த மனிதனால் சொல்ல முடியும்? என்னால் முடியவில்லை. திறந்த வாயிலிருந்து, "செகாமட் ஆஸ்பத்திரியில மருந்து கட்டற டிரஸர். பேரு கருணாகரன். எங்க அக்கா மகன்" என்று வந்தது. அவன் உயரத்தை மட்டும் சொல்லவில்லை. போன வருடம் எங்கள் வீட்டுப் பரணிலிருந்து அண்டா இறக்க அவன் நாற்காலி போட்டது எனக்கு நினைவிருந்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். விடைபெறும்போது, ஆட்டம் என்ன ஆகும் என்று மெல்லக் கேட்டுப் பார்த்தேன். பெண்ணைக் கேட்டு ஆள் வந்துவிட்டதால் தனக்கு இனி எந்த ஆட்சேபமும் இல்லை என்றார் கிராணி. ஆனால் அடுத்த வாக்கியத்திலேயே, "இனி அவ உங்க வீட்டுப் பொண்ணு. ஆடறதும் ஆடாததும் மாமனார் சொல்றதுதான்" என்று முடித்துவிட்டார். ஆக, கஜா பேராங் மக்களின் ஒரு வருட நம்பிக்கை முழுவதும் இப்போது செகாமட்டில் தங்கள் பேனா முனையில் நிற்கிறது. தாங்கள் செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. கிராணிக்கு ஒரு கடிதம் எழுதி, சம்பந்தம் சம்மதம் என்றும், பெண் ஆடுவது குடும்பத்துக்குப் பெருமை என்றும், கல்யாணத்தை மட்டும் ஏப்ரல் கடைசியில், அதாவது இறுதி ஆட்டம் முடிந்து ஒரு வாரம் கழித்து, வைத்துக்கொள்ளலாம் என்றும் சொல்லவும். முன்னால் வைத்துவிட வேண்டாம், கல்யாணமான பெண்களுக்கு அந்தக் கல்லூரி விடுதியில் இடம் கிடையாது. கருணாகரனிடம் பக்குவமாகச் சொல்லவும். நல்ல பெண், அத்தான். தோற்ற அன்றைக்கு எல்லாப் பெண்களும் அழுதுகொண்டு உள்ளே போனபோது, அவள் ஒருத்திதான் எங்கள் பெஞ்சுக்கு வந்து, தினமும் வந்ததற்கு நன்றி என்று சொல்லிவிட்டுப் போனாள். பெற்ற பிள்ளை சொன்ன மாதிரி இருந்தது. அதற்கு மேல் எனக்கு எழுதத் தெரியவில்லை. அக்காவிடம் என்ன சொல்வது என்பதைத் தங்கள் புத்திக்கே விட்டுவிடுகிறேன். என்னைப் பிறந்த நாளிலிருந்து அறிந்தவர், அதிர்ச்சி அடைய மாட்டார்.

தங்கள் குடும்பம் ஆல்போல் தழைத்து, தீபாவளித் திருநாளில் எல்லா மங்கலமும் பெற்று வாழ இங்குள்ள எங்கள் இருவரின் வணக்கமும், மருமகனுக்கு எங்கள் ஆசியும். மறு தபாலில் பதில் எதிர்பார்த்து,

தங்கள் கீழ்ப்படிதலுள்ள மைத்துனன்,
மா. மாணிக்கவாசகம்,
தலைவர், க.பே.கூ.அ. சபை.

பி.கு.: மேலே எழுதியதில் எதையும் செய்ய வேண்டாம். உறையை ஒட்டப் போகும்போது விஜயா சைக்கிளில் வந்து, தாம்பாளத்தைத் திருப்பிக் கொடுத்தாள். இன்று காலை கிராணி அந்தத் தாம்பாளத்தையும் துணியையும் எடுத்துக்கொண்டு, மகளிடம் நல்ல செய்தி சொல்ல விடுதிக்குப் போயிருக்கிறார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டதாம். "அப்பா, அவங்க என்னை ஆடக் கேட்டு வந்திருப்பாங்க, வேற ஒண்ணுமில்ல" என்று சொல்லியிருக்கிறாள். கோபம் வரப் போகிறது என்று இவள் காத்திருக்க, அவர் கேட்டது இதுதான்: "மூணு பெரிய மனுசங்க, தட்டு தூக்கிட்டு வந்து கேக்கற அளவுக்கா நீ ஆடுற?" ஆமாம் என்றாளாம். அப்படியானால் தானும் வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். மஞ்சள் துணி பாவாடைக்குப் போய்விட்டது. இதைச் சொல்லும்போது அவள் அழுதாள், அஞ்சலையும் அழுதாள், நான் தேநீர் போட்டேன்.

உறை மேல் இருந்த செகாமட் விலாசத்தைப் பார்த்துவிட்டு ஒன்று மட்டும் கேட்டாள்: "ஏன் மாமா, அப்பாவக் கேட்டீங்க, செகாமட்ல கேக்கப் போறீங்க. ஆடறியான்னோ, கட்டிக்கிறியான்னோ என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?" இரண்டு வருடமாக அந்தப் பெண்ணின் ஒவ்வோர் ஆட்டத்தையும் பார்த்தவன் நான். கேட்கவில்லையம்மா என்றேன். தாயாரிடம் மட்டும் இன்னும் யாரும் உண்மையைச் சொல்லவில்லையாம், அவர் சந்தோஷமாக இருக்கிறாராம், அது நிஜமாகிவிடாதா என்ற நப்பாசையில் இந்தக் கடிதத்தைக் கிழிக்காமல் அனுப்புகிறேன். முதல் ஆட்டம் ஜனவரி பதினொன்று, சனிக்கிழமை. கருணாகரனுக்கு லீவு கிடைக்குமா என்று பார்க்கவும். சைக்கிளில் ஏறிய பிறகு விஜயா திரும்பிச் சொன்னாள்: "அந்த டிரஸரு பொண்ணு பார்க்க வர்றதா இருந்தா வேணாம் மாமா. வேணும்னா, நான் மாப்பிள்ளை பார்க்கிற மாதிரி, முன் பெஞ்சுல வந்து உக்காரச் சொல்லுங்க."