இலவசப் பட்டு, அனைவரும் வருக

பத்தொன்பது வயதில் ஒருவனுக்குக் காதல் வரலாம், மீசை வரலாம், அம்மைகூட வரலாம். எதுவும் பெரிய ஆபத்தில்லை. தன் பெயரை அச்சில் பார்க்கவேண்டும் என்ற ஆசை மட்டும் வரக்கூடாது. எனக்கு வந்தது. மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த அதே வருஷம் வந்தது. அதனால் எங்கள் வட்டாரத்தில் சிலர் இரண்டையும் சேர்த்தே நினைவில் வைத்திருக்கிறார்கள்.

அப்போது நாங்கள் மலாக்காவில் காஜா பெராங்கில் குடியிருந்தோம். அப்பா சாலை போடும் அரசாங்க இலாகாவில் ரோலர் ஓட்டினார். நான் பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பில் தீவிரமாகப் படித்துக்கொண்டிருந்தேன் (வீட்டில் அப்படித்தான் சொல்லிவைத்திருந்தேன்). உண்மையில் எங்கள் மாணவர் மன்றத்துக்குக் கவிதை எழுதிக்கொண்டிருந்தேன். மெர்டேக்கா, அதாவது சுதந்திர நாள், நெருங்க நெருங்க ஊரில் ஆளுக்கொன்று செய்தார்கள். ஒருவர் வீட்டுக்கு வெள்ளையடித்தார், இன்னொருவர் தன் டிரைஷா வண்டிக்குத் தோரணம் கட்டினார். மன்றமும் ஏதாவது செய்தாகவேண்டும்.

அந்த நேரம் பார்த்து என் நண்பன் அழகப்பனின் அப்பா சிங்கப்பூரிலிருந்து கையடக்கமான ஒரு சினிமா கேமரா வாங்கிவந்தார். அழகப்பன் செட்டியார் வீட்டுப் பையன், வகுப்பில் கணக்குப் புலி. கேமராவைத் துணியில் சுற்றி எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டான்.

"அப்பச்சி கோலாலம்பூர் போயிருக்காங்க. வர்றதுக்குள்ள ஒரு பாட்டு எடுத்துடலாம் பரமு" என்றான்.

"பாட்டா? இதுல சத்தம் பதியுமா?"

"பதியாது. படத்தைத் திரையில ஓட்டுவோம். நீ பின்னால நின்னு பாடு. யாருக்குத் தெரியப்போகுது?"

அன்று மாலையே பாட்டை எழுதிவிட்டேன்.

மலரும் மலாயா, மணக்கும் மலாயா,
மனத்தில் குடிவந்த மல்லிகை மலாயா!

(மல்லிகை எதற்கு என்று கேட்காதீர்கள். மானாவில் அப்போது அந்தப் பூதான் ஞாபகம் வந்தது.)

கதாநாயகனாக நானே நடிப்பதாக இருந்தேன். அழகப்பன் கேமரா வழியாக என்னை நெடுநேரம் பார்த்தான். பிறகு கேமராவில் ஏதும் கோளாறோ என்று கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தான். "நீ இயக்குநரா இரு பரமு. அறிவாளி முகம் உனக்கு" என்றான். அதற்கு அர்த்தம் புரிய எனக்குப் பல வருஷம் ஆயிற்று.

கதாநாயகன் கிடைப்பதில் சிரமமே இல்லை. எங்கள் தெருவுக்கு அடுத்த சிட்டி கிராமத்தில் தேவராஜ் இருந்தான். சுருள் முடி, நல்ல உயரம், சிரித்தால் கன்னத்தில் குழி. ஒரே ஒரு குறை: அவனுக்குத் தமிழ் வராது. சிட்டி மக்கள் தலைமுறை தலைமுறையாக மலாக்காவிலேயே இருப்பவர்கள். கோயிலுக்குப் போவார்கள், பொங்கல் வைப்பார்கள், வீட்டில் பேசுவது மட்டும் அவர்களுக்கே உரிய ஒருவகை மலாய். 'அக்கா', 'மாமா' மாதிரி சில சொற்களைத் தவிரத் தமிழில் எதைச் சொன்னாலும் தேவராஜ் அழகாகச் சிரிப்பான்.

"பாட்டை மனப்பாடம் பண்ணச் சொல்லு" என்றான் அழகப்பன்.

முயன்றோம். 'மனத்தில் குடிவந்த' என்பதற்குள் அவன் நாக்கு நாலு முறை தடுக்கி விழுந்தது. அப்போதுதான் இயக்குநர் மூளை வேலை செய்தது. "தேவா, நீ எதையாவது சொல்லு. வாய் அசைஞ்சா போதும்!" என்று மலாயில் சொன்னேன். அவனும் அழகாகச் சிரித்தான்.

கிளேபாங் கடற்கரையில் படப்பிடிப்பு. காலையில் போனவர்கள் வெயில் உச்சிக்கு ஏறியும் முடிக்கவில்லை. அழகப்பனுக்கு முகத்தைக் கிட்டத்தில் எடுப்பதென்றால் உயிர். கடல், தென்னை எல்லாவற்றையும் பேருக்குக் கொஞ்சம் எடுத்துவிட்டுத் தேவராஜின் வாய்க்கு எதிரேயே நின்றான். நான் பள்ளி விளையாட்டுத் தினத்துக்காக வைத்திருந்த தகர ஒலிபெருக்கியில் கத்தினேன்: "நெஞ்சில கை வை! தாய்நாடு! உணர்ச்சி!"

தேவராஜ் நெஞ்சில் கை வைப்பான். கொஞ்ச நேரத்தில் கை வழுக்கி வயிற்றுக்கு வந்துவிடும். கண் கலங்கும், குரல் தழுதழுக்கும். அலைச் சத்தத்தில் என்ன சொல்கிறான் என்று எனக்குக் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கண்ணில் தெரிந்த தேசபக்தியைப் பார்த்து எனக்கே புல்லரித்தது.

படம் கழுவச் சிங்கப்பூருக்குப் போனது. அந்த இடைவெளியில் விளம்பர வேலையை நான் ஏற்றுக்கொண்டேன். ஜாலான் பெண்டஹாராவில் ஜவுளிக்கடை வைத்திருந்த சண்முகம் முதலாளி, திரைகட்ட ஒரு பெரிய வெள்ளைத் துணி தருவதாகச் சொன்னார். பதிலுக்கு நோட்டீசில் அவர் கடைப் பெயர் வரவேண்டும். நோட்டீசை நானே எழுதினேன். மேலே பெரிய எழுத்தில் 'இலவசப் பாட்டு! அனைவரும் வருக!' அதன் கீழே 'ஆதரவு: சண்முகம் ஜவுளிக்கடை'. அதற்கும் கீழே, மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாக, 'எழுத்து, இயக்கம்: காஜா பெராங் கவிஞர் பரமசிவம்'. இதற்கே தாள் நிறைந்துவிட்டதால், இது ஒரு படம், திரையில் ஓடும் என்ற அற்ப விவரங்களைக் கடைசியில் எறும்பு ஊர்வதுபோல் போடச் சொன்னேன்.

அச்சகத்தில் முதல் பிரதியை நீட்டி, "சரியா பாத்துக்க தம்பி. ஓட்டிட்டா அப்புறம் என்னைச் சொல்லக்கூடாது" என்றார்கள்.

பார்த்தேன். துடித்துப்போனேன். 'பரமசிவன்' என்று இருந்தது!

"என் பேர் பரமசிவம்! ம்! மகரம்!" என்று கம்போசிட்டரிடம் ஒரு தமிழ் வகுப்பே நடத்தி, மாற்றவைத்து, மாற்றிய எழுத்தைத் தடவிப்பார்த்து, கையெழுத்துப் போட்டுக்கொடுத்தேன். தலைப்பை நான் பார்க்கவே இல்லை. அதில் 'பாட்டு' என்ற சொல்லில் துணைக்கால் விழுந்துபோயிருந்தது. 'இலவசப் பட்டு! அனைவரும் வருக!' என்று அடித்துக்கொடுத்தார்கள். கீழேயே ஜவுளிக்கடைப் பெயர்.

அந்த நோட்டீஸ்களை நானே ஜாலான் பெண்டஹாராவிலும் பண்டார் ஹிலிரிலும் நின்று விநியோகித்தேன். தமிழ்ப் பெண்களிடம் கலைக்கு இத்தனை தாகமா என்று அசந்துபோனேன். ஒரு அக்கா காய்கறிக் கூடையைக் கீழேயே வைத்துவிட்டார்.

"நெசமாவா தம்பி?"

"நெசம்தான்க்கா. எல்லாருக்கும் உண்டு."

"ஆளுக்கு ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான். ஆனா கேட்டா இன்னொரு தடவை போடுவோம்."

"அடேயப்பா! என்ன கலரு?"

"கறுப்பு வெள்ளைதான்க்கா."

அவர் முகம் கொஞ்சம் வாடியது. "பரவால்ல. கரை இருக்குமா?"

"இருக்காம என்ன? முழுக்க முழுக்கக் கிளேபாங் கரைதான்!"

"கிளேபாங் கரையா? அது புது டிசைன் போலிருக்கு" என்று சொல்லிக்கொண்டே அவர் விறுவிறுவென்று போனார். படத்தில் கதைப்போக்கைத்தான் டிசைன் என்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

படச் சுருள் காட்சிக்கு முதல்நாள்தான் வந்து சேர்ந்தது. அழகப்பன் வீட்டுச் சுவரில் கைக்குட்டை அளவுக்கு ஓட்டிப் பார்த்தோம். எங்கள் கடல் அசைந்தது, தேவராஜ் அசைந்தான். அசைந்ததே அதிசயம் என்று கட்டிப்பிடித்துக் குதித்தோம். வாயை யார் பார்த்தார்கள்?

மறுநாள் சாயங்காலம் தேவராஜின் வீட்டு முன்னால் இருந்த வெளியில் திரை கட்டினோம். மாணவர்கள் கொஞ்சம், உறவினர் கொஞ்சம் வருவார்கள் என்று கணக்கு. பொழுது சாய்வதற்குள் வெளி நிரம்பி, வேலி நிரம்பி, சாக்கடைக்கு அந்தப் பக்கமும் நிரம்பியது. எல்லாம் பெண்கள். எல்லார் கையிலும் பை. முதல் வரிசையில் என் அம்மா! பக்கத்தில் கிளேபாங்கிலிருந்து பஸ் பிடித்து வந்த பெரியம்மா.

"நோட்டீஸைப் பக்கத்து வீட்டுல படிச்சுச் சொன்னாங்கடா" என்றார் அம்மா, கண் நிறைந்த பூரிப்போடு. "என் புள்ளை இவ்வளவு பெரிய காரியம் பண்ணுவான்னு நினைக்கவே இல்ல. எனக்கு அரக்குக் கலரா எடுத்து வை."

அரக்குக் கலரில் எப்படிப் பாடுவது என்று நான் விழித்துக்கொண்டிருந்தபோது சண்முகம் முதலாளி வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு ஓடிவந்தார். கையில் நோட்டீஸ்.

"படுபாவி! காலையிலேருந்து கடையில நிக்க முடியல! இலவசப் பட்டு எங்கே, இலவசப் பட்டு எங்கேன்னு ஒரே முற்றுகை! பின்கதவு வழியா வந்தேன்! என்னடா எழுதியிருக்கே?"

வாங்கிப் பார்த்தேன். முதலில் என் பெயர் தெரிந்தது. பிறகு தலைப்பு தெரிந்தது. பிறகு கொஞ்ச நேரம் எதுவும் தெரியவில்லை.

"ஓடிரலாமா?" என்றேன் அழகப்பனிடம்.

"எந்தப் பக்கம்?" என்றான். நியாயமான கேள்வி. எல்லாப் பக்கமும் பைகள்.

"படத்தைப் போட்டுடறேன். நீ பாடு. பாட்டு முடியறதுக்குள்ள ஏதாவது யோசிப்போம்" என்று சொல்லிவிட்டுப் புரொஜெக்டரைத் தட்டிவிட்டான்.

நான் ஒலிபெருக்கியோடு திரைக்குப் பின்னால் பதுங்கினேன். கண்ணை இறுக மூடிக்கொண்டேன் (உணர்ச்சிக்காகப் பாதி, பயத்தால் மீதி). 'மலரும் மலாயா' என்று எடுத்தேன். ஒரு பெரிய மௌனம். 'மணக்கும் மலாயா.' எங்கோ ஒரு கிளுக்கென்ற சத்தம். 'மல்லிகை மலாயா' என்று இழுத்தபோது முழு வெளியும் வெடித்துச் சிரித்தது. மக்கள் ரசிக்கிறார்கள்! பயம் போய்விட்டது. இன்னும் குழைந்து, இன்னும் உருகிப் பாடினேன். நான் உருக உருக அவர்கள் உருண்டார்கள்.

நடந்தது இதுதான். திரையில் ஒரு கதவளவுக்குத் தேவராஜின் வாய். ஊரில் எல்லாருக்கும் மலாய் தெரியும். நான் பின்னாலிருந்து 'மலரும் மலாயா' என்று பாட, அவன் முன்னால் தெள்ளத்தெளிவாக "லாப்பார், மாக், லாப்பார்" என்றான். பசிக்குது அம்மா, பசிக்குது. நான் 'மணக்கும் மலாயா' என்றேன். அவன் வயிற்றைத் தடவி, கண் கலங்கி, "பிலா மாக்கான்?" என்றான். எப்போது சாப்பாடு? நான் 'மல்லிகை மலாயா' என்று நெஞ்சுருகியபோது அவன் கேமராவுக்குப் பின்னால் யாரையோ ஏக்கத்தோடு பார்த்து, "பரமு கிலா" என்றான். அதை நான் மொழிபெயர்க்க வேண்டியதில்லை. வேண்டுமென்றால்: பரமுவுக்குப் பைத்தியம்.

கூட்டமே சேர்ந்து உரக்கப் படிக்க ஆரம்பித்துவிட்டது. "லாப்பார்!" என்று ஒரு பக்கம், "பரமு கிலா!" என்று மறுபக்கம், கோரஸ். அதுவரை வாசலில் பெருமையாக உட்கார்ந்திருந்த தேவராஜின் அம்மா எழுந்துவிட்டார். அவரை நாங்கள் மலாய் முறையில் மக்சிக் (அத்தை) என்றுதான் கூப்பிடுவோம்.

"அலாமாக்! அனாக் சாயா லாப்பார்!" என் பிள்ளை பசியில் கிடந்திருக்கிறானே என்று மார்பில் அடித்துக்கொண்டு, கெபாயாச் சட்டையின் கையை மடித்துவிட்டு, நேரே சமையலறைக்குள் போனார். பக்கத்து வீட்டுப் பெண்களும் பின்னாலேயே போனார்கள். தேவராஜ் திரைக்குப் பக்கத்தில் நின்று எல்லாரையும் பார்த்து அழகாகச் சிரித்துக்கொண்டிருந்தான்.

பாட்டு முடிந்தது. கண்ணைத் திறந்து, வணங்குவதற்காக முன்னால் வந்தேன். "லாகி! லாகி!" என்று கத்தினார்கள். இன்னொரு தடவை! அழகப்பன் மறுபடி ஓட்டினான். இந்தமுறை நான் முன்னால் நின்று பார்த்தேன். பாடவில்லை. பாடும் நிலையில் இல்லை.

மூன்றாம் தடவை ஓடும்போது மக்சிக் பெரிய தட்டுகளில் ஆவி பறக்கப் பலகாரமும் தேநீரும் கொண்டுவந்தார். இழந்த மானத்தில் கொஞ்சத்தையாவது மீட்கலாம் என்று ஒலிபெருக்கியை எடுத்து அறிவித்தேன்: "அன்பார்ந்த பெரியோர்களே! இப்போது அனைவருக்கும் இலவசத் தேநீர், பலகாரம்!"

கூட்டத்தின் நடுவிலிருந்து ஒரு பெண்குரல் கணீரென்று கேட்டது: "பட்டா, பாட்டா?"

அந்தச் சிரிப்பு கிளேபாங் வரை கேட்டிருக்கும். முதலாளியே சாக்கடை ஓரம் உட்கார்ந்து வேட்டியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். என்னிடம் பட்டைப் பற்றிக் கேட்டது ஒரே ஒருவர்தான். "அப்ப அரக்குக் கலர் இல்லியா?" என்று அம்மா வீடு போகும்வரை கேட்டுக்கொண்டே வந்தார்.

இரண்டு நாள் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் முதலாளி ஆள் அனுப்பினார். அடி வாங்கத் தயாராகப் போனேன். "இத்தனை வருஷம் எவ்வளவோ விளம்பரம் பண்ணியிருக்கேன். இப்படி ஒரு கூட்டம் வந்ததே இல்ல" என்றார். "பள்ளிக்கூடம் முடிஞ்சதும் இங்கேயே வந்துடு. கடைக்கு நீதான் எழுதணும். ஆனா ஒண்ணு. அச்சுக்குப் போறதுக்கு முன்னால வேற யாராவது படிப்பாங்க."

அந்தக் கடையில்தான் என் தலை நரைத்தது. கடைசிவரை வேறு யாராவது படித்தார்கள்.

சில வருஷம் கழித்துப் பண்டார் ஹிலிரில் எனக்குப் பெண் பார்க்கப் போனோம். அம்மா என் பெருமைகளைச் சொல்லிக்கொண்டே போனார். பையன் தங்கம், குடி கிடையாது, கட்டிக்கிட்டா ராணி மாதிரி வச்சிருப்பான். உள்ளறையிலிருந்து கணீரென்று ஒரு குரல் கேட்டது:

"பட்டா, பாட்டா?"

தூக்கிவாரிப்போட்டது. அன்று பையோடு வந்திருந்தவர்களில் நாங்கள் பார்க்கப் போன சரோஜாவும் ஒருத்தி. என் அப்பா சிரித்த சிரிப்பில் கையிலிருந்த காப்பி சிந்தியது. அப்போதே கல்யாணம் முடிவாகிவிட்டது.

எங்கள் வீட்டில் இன்றைக்கும் யாரும் யாருக்கும் சும்மா வாக்குக் கொடுத்துவிட முடியாது. மகன் வீடு கட்டுகிறேன் என்றாலும், மருமகள் சீக்கிரம் கிளம்பிவிடுவேன் என்றாலும் அந்தக் கேள்விதான்: கைக்கு வரும் பட்டா, வாயோடு போகும் பாட்டா? போன வாரம் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து, "இனிமேல் காப்பிக்குச் சீனியே போட்டுக்கொள்ள மாட்டேன்" என்று எல்லார் முன்னிலையிலும் சத்தியம் செய்தேன். இன்னும் பேச்சே திருந்தாத பேத்தி என் மடியில் ஏறி, முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பிக் கேட்டாள்:

"தாத்தா, பத்தா, பாத்தா?"

"பாட்டுதான்டா கண்ணு" என்றேன்.